கண்ட்ரோலர் 1,200 வரி தாண்டிருச்சு, எம்விசி-ல எது எங்க போகணும்னு யாராவது சொல்லுங்க

ஈரோட்டு_இஃப்எல்ஸ்:

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் நீளமான போஸ்ட், பொறுமையா படிங்க. லாராவெல்ல (பிஎச்பி ஃப்ரேம்வொர்க்) ஒன்றரை வருஷமா எழுதுறேன், அதுக்கு முன்னாடி கோர் பிஎச்பி, நடுவுல கொஞ்ச நாள் கோட்இக்னைட்டர். எம்விசி-ன்னா (மாடல், வியூ, கண்ட்ரோலர்னு கோடை மூணாப் பிரிக்கிறது) என்னன்னு இன்டர்வியூல கேட்டா மடமடன்னு ஒப்பிச்சிடுவேன், மாடல்னா டேட்டாபேஸ், வியூன்னா ஹெச்டிஎம்எல், கண்ட்ரோலர்னா ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற ஆளு. ஆனா கோடு எழுத உக்காந்தா எல்லாமே கண்ட்ரோலர்லதான் போய் விழுது.

ஒரு கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் ஆப் எழுதிக் குடுத்தேன், தனியா எடுத்த வேலை. ரெண்டு ஹால், கீழ ஏசி, மேல சாதா. புக்கிங் கண்ட்ரோலர் ஃபைல் மட்டும் 1,200 வரி. மாடல் ஃபைலைத் திறந்தா பதினஞ்சு வரி, ஃபில்லபிள் அர்ரேயும் ரெண்டு ரிலேஷன்ஷிப்பும், அவ்ளோதான்.

இப்ப நடந்தது என்னன்னா, கல்யாண பார்ட்டி முகூர்த்தத்துக்கு முதல் நாள் மதியம் 3 மணிக்கு உள்ள வந்து முகூர்த்தத்தன்னிக்கு மதியம் 3 மணிக்குக் காலி பண்ணுவாங்க. ரிசப்ஷன் மட்டும்னா அன்னிக்கு சாயந்திரம் மட்டும். நான் டேபிள்ல விசேஷ தேதின்னு ஒரே ஒரு காலம்தான் (நெடுவரிசை) வச்சிருந்தேன், ஒரே ஹால் ஒரே தேதி இருந்தா புக்கிங் தராதேன்னு ஒரு இஃப். அப்புறம் எனக்கே உறைச்சுது, 21-ஆம் தேதி காலைல முகூர்த்தம்னா 20-ஆம் தேதி சாயந்திரமும் அவங்களுக்குத்தானே, அதனால கஸ்டமர் ஃபார்ம் கண்ட்ரோலர்ல முதல் நாளையும் பாக்குற மாதிரி இன்னொரு இஃப் போட்டேன். ஆனா மேனேஜர் போன்ல வர்ற புக்கிங்கைப் போடுறதுக்குத் தனியா அட்மின் பேஜ் இருக்கு, அதுக்குத் தனி கண்ட்ரோலர், பழைய கோடை காப்பி பேஸ்ட் பண்ணி வச்சது, அங்க அந்த இஃப் இல்ல. மறந்துட்டேன். மேனேஜர் 20 சாயந்திரத்துக்கு ஒரு ரிசப்ஷன் போட்டுட்டாரு, ஆப் பச்சைக் கலர்ல சக்சஸ்னு காமிச்சிருக்கு.

விசேஷத்துக்குப் பதினெட்டு நாள் முன்னாடி ரிசப்ஷன் பார்ட்டி மீதி அட்வான்ஸ் கட்ட வந்தப்பதான் தெரிஞ்சுது ஒரே சாயந்திரத்துக்கு ரெண்டு குடும்பம்னு. ரெண்டு பேரும் பத்திரிகை அடிச்சுக் குடுத்து முடிச்சாச்சு. ஓனர் பக்கத்துல வேற மண்டபம் பிடிச்சு வாடகை வித்தியாசத்தை அவர் கைல இருந்து போட்டாரு. என்னை ஒரு வார்த்தை திட்டல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

இன்னொண்ணு, பாக்கித் தொகை கணக்கு. வாடகை, கரண்ட் யூனிட், ஜெனரேட்டர் டீசல், கிளீனிங், இதுல அட்வான்ஸ் கழிச்சு ஸ்க்ரீன்ல காட்டுற கணக்கை பிளேடு ஃபைல்லயே (லாராவெல்ல வியூ எழுதுற டெம்ப்ளேட்) எழுதிட்டேன், பிடிஎஃப் ரசீதுல அதையே திரும்ப எழுதினேன், ஒண்ணுல கடைசில ரவுண்ட் பண்ணிருக்கேன் இன்னொண்ணுல ஒவ்வொரு லைனுக்கும் ரவுண்ட் பண்ணிருக்கேன், ஒரு ரூபா ரெண்டு ரூபா இடிக்குது.

கேள்வி இதுதான், இந்த இஃப் எல்லாம் எங்க போகணும்? ஒரு வீடியோல ரெபாசிட்டரி போடுங்கறான், இன்னொண்ணுல சர்வீஸ் கிளாஸ்ங்கறான், இன்னொருத்தன் ஆக்ஷன் கிளாஸ்ங்கறான். தலை சுத்துது.


பழைய_செமிகோலன்:

தம்பி, முதல்ல ஃபோல்டர் பேரை எல்லாம் ஓரமா வை. ரெபாசிட்டரியா சர்வீஸாங்கறது ரெண்டாவது சங்கதி. உன் ஆப்புக்குள்ள புக்கிங் எத்தனை வாசல் வழியா வருதுன்னு எண்ணிப் பாரு. கஸ்டமர் ஃபார்ம் ஒண்ணு, மேனேஜர் பேஜ் ரெண்டு, நாளைக்கு ஓனர் பையன் மொபைல் ஆப் கேப்பான் அது மூணு, பழைய நோட்டுல இருக்கிறதை எக்செல்ல இருந்து ஏத்துவ அது நாலு. நீ என்ன பண்ணிருக்க, முதல் வாசல்ல மட்டும் வாட்ச்மேனை நிறுத்திட்டு வீடு பத்திரம்னு நினைச்சிருக்க.

ஒரு ரூல் எங்க போகணும்னு சந்தேகம் வந்தா நான் கேக்குறது ஒரே கேள்விதான், வேற வாசல் வழியா வந்தாலும் இந்த ரூல் பொருந்துமா? பொருந்தும்னா அது கண்ட்ரோலர்ல இருக்கக் கூடாது. ஹால் அன்னிக்கு காலியாங்கறது எந்த வாசல்ல வந்தாலும் பொருந்தும், அது மாடல் பக்கம். போன் நம்பர் 10 இலக்கமா, தேதி கட்டம் காலியா விட்டுட்டானா, கேப்சா சரியா, இதெல்லாம் அந்த ஃபார்மோட சமாச்சாரம், அது ஃபார்ம் ரிக்வெஸ்ட்ல (ஃபார்ம்ல வந்ததை சரிபாக்குற லாராவெல் கிளாஸ்) இருக்கட்டும். மேனேஜர் போன்ல பேசிக்கிட்டே போடுறப்ப கேப்சா எதுக்கு, சொல்லு.

அப்ப கண்ட்ரோலர்ல என்னதான் மிச்சம் இருக்கும்னா, ரிக்வெஸ்ட்ல வந்த ஹால், தேதி, விசேஷம் எடு, புக் பண்ணுன்னு ஒரே ஒரு மெத்தடைக் கூப்பிடு, காலி இல்லன்னு எக்செப்ஷன் வந்தா அதே ஃபார்முக்கு மெசேஜோட திருப்பி அனுப்பு, சரியா முடிஞ்சா ரசீது பேஜுக்கு ரீடைரக்ட் பண்ணு. போஸ்ட் முடிஞ்சதும் ரீடைரக்ட் பண்றதை விட்டுறாத, இல்லன்னா எவனாவது எஃப்5 தட்டி ரெண்டு தடவை அட்வான்ஸ் ஏத்திடுவான், பாத்திருக்கேன். மொத்தம் எட்டு பத்து வரி வரும். மேனேஜர் கண்ட்ரோலரும் அதே எட்டு பத்து வரி, அதே மெத்தட்.

பாக்கிக் கணக்குக்கும் அதே கதை. பாக்கி எவ்வளவுங்கறது மாடல் சொல்லணும். பாக்கி இருந்தா சிவப்புல காட்டணுமா, கொட்டை எழுத்துல காட்டணுமாங்கறதை வியூ முடிவு பண்ணட்டும். வியூல இஃப்பே கூடாதுன்னு சொல்ற கோஷ்டில நான் இல்ல, கலருக்கு இஃப் போடு, காசுக்கு போடாத.


கோர்_பிஎச்பி_காளை:

எல்லாம் சரி ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன், ரெண்டு ஹால் வச்சிருக்கிற ஒரு மண்டபத்துக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம் எதுக்கு? நான் 2008-ல இருந்து ஒரே இன்க்ளூட் ஃபைல்ல நாப்பது ஃபங்ஷன் வச்சு ஓட்டிட்டு இருக்கேன், எனக்கு டபுள் புக்கிங் வந்ததே இல்ல. பிரச்சனை எம்விசி இல்லாதது இல்ல ப்ரோ, காப்பி பேஸ்ட். அந்த செக்கை ஒரு ஃபங்ஷனா எழுதி ரெண்டு எடத்துல கூப்பிட்டிருந்தா முடிஞ்சுது.

போன வருஷம் ஒரு இடத்துல வேலைக்குப் போனேன், கஸ்டமருக்கு மாற்று போன் நம்பர்னு ஒரு கட்டம் சேக்கணும், அவ்ளோதான். மைக்ரேஷன், மாடல், டிடிஓ, ரெபாசிட்டரி இன்டர்ஃபேஸ், ரெபாசிட்டரி, சர்வீஸ் இன்டர்ஃபேஸ், சர்வீஸ், ரிக்வெஸ்ட், ரிசோர்ஸ், அப்புறம் வியூ. பத்து ஃபைலைத் திறந்தேன். அந்த இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் பண்றது ஒரே ஒரு கிளாஸ், கடைசி வரைக்கும் ஒண்ணேதான். டேட்டாபேஸை மாத்தினா ஈசியா இருக்கும்னாங்க, அஞ்சு வருஷமா மைஎஸ்க்யூஎல்தான்.


பழைய_செமிகோலன்:

காளை, நீங்க சண்டைக்கு வர்ற மாதிரி வந்து நான் சொன்னதையேதான் சொல்றீங்க. உங்க இன்க்ளூட் ஃபைல்ல இருக்கிற நாப்பது ஃபங்ஷன் இருக்கே, அதுதான் உங்க மாடல். நீங்க பேரு வைக்கல, அவ்ளோதான். அதுக்குள்ள ஸ்க்ரீன்ல எழுதுற எக்கோ ஒண்ணு கூட இருக்காது, ஃபார்ம்ல வந்ததை எடுக்குற டாலர் அண்டர்ஸ்கோர் போஸ்ட் ஒண்ணு கூட இருக்காதுன்னு பந்தயம் கட்டுறேன்.

பத்து ஃபைல் கதைல உங்க பக்கம்தான் நான். ஒரே ஒரு இம்ப்ளிமென்டேஷனுக்கு இன்டர்ஃபேஸ் எழுதறது ஒண்டிக்கட்டை வீட்டுக்கு பந்திப் பாய் வாங்குறது மாதிரி.


கோர்_பிஎச்பி_காளை:

ரெண்டு ஃபங்ஷன்ல போஸ்ட் இருக்கு 😀 ஆனா பாயிண்ட் புரியுது.


சும்மா_படிப்பவள்:

குறுக்க வர்றேன். மாடல்னா டேட்டாபேஸ்னு தம்பி இன்டர்வியூல ஒப்பிக்கிறதா சொன்னாருல்ல, வினையே அங்கதான் ஆரம்பிக்குதுன்னு தோணுது, அதுக்கு கொஞ்சம் பழைய கதை சொல்லணும்.

எம்விசி வெப்புக்காக வந்ததே இல்ல. வெப்புக்கு ஒரு பத்து வருஷம் முன்னாடியே வந்தது. டிரிக்வே ரீன்ஸ்காக்னு ஒரு நார்வேக்காரர், கப்பல் கட்டுறதுக்கு டிசைன் சாஃப்ட்வேர் எழுதிட்டு இருந்தவர், 1978-79-ல கலிஃபோர்னியால ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய் ஸ்மால்டாக்ங்கற ப்ரோக்ராமிங் மொழியை உருவாக்கின கோஷ்டியோட கொஞ்ச நாள் இருந்தாரு. 1979 மே மாசம் எழுதின முதல் குறிப்புல திங், மாடல், வியூ, எடிட்டர்னு நாலு இருந்துச்சு, அதே டிசம்பர்ல மாடல், வியூ, கண்ட்ரோலர்னு ஆச்சு. அவரோட நோக்கம் என்னன்னா, யூசர் மனசுக்குள்ள தன் வேலையைப் பத்தி ஒரு படம் வச்சிருப்பான், கம்ப்யூட்டர்ல இருக்கிறதும் அந்தப் படமும் ஒண்ணா இருக்கணும். அந்தப் படம்தான் மாடல். டேபிள்ங்கற பேச்சே அங்க இல்ல.

கண்ட்ரோலரைப் பத்தியும் சொல்லணும். பேரைக் கேட்டதும் நம்ம ஆளுங்க ஏதோ பெரிய அதிகாரின்னு நினைச்சு எல்லா ஃபைலையும் அவர் மேஜைல கொண்டு போய் அடுக்குறாங்க. ஸ்மால்டாக்ல கண்ட்ரோலரோட வேலை மவுஸ் அசைஞ்சுதா, கீ அழுத்தினாங்களான்னு பாத்து சேதி சொல்றது. ஒவ்வொரு வியூவுக்கும் பக்கத்துல ஒரு சின்ன கண்ட்ரோலர். மாடல் மாறினா அது சத்தம் குடுக்கும், வியூ தானா தன்னைத் திரும்ப வரைஞ்சுக்கும்.

வெப்ல இது அப்படியே வராது, ஏன்னா பிரவுசர் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பி பேஜை வாங்கிட்டா சர்வருக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தை முடிஞ்சுது, மாடல் யாருக்கு சத்தம் குடுக்கும்? அதனால 1990-கள் கடைசில ஜாவா ஜேஎஸ்பி ஆளுங்க மாடல் 2-ன்னு ஒரு மாதிரியா மாத்தினாங்க, சர்வ்லெட் ரிக்வெஸ்டை வாங்கும், ஜேஎஸ்பி பேஜை வரையும். 2000-ல வந்த ஸ்ட்ரட்ஸ்ங்கற ஜாவா ஃப்ரேம்வொர்க் அதைப் பரப்புச்சு, 2004-ல ரூபி ஆன் ரெயில்ஸ் வந்ததும் ஆப்-ங்கற ஃபோல்டருக்குள்ள மாடல்ஸ், வியூஸ், கண்ட்ரோலர்ஸ்னு மூணு ஃபோல்டர் போட்டுக் குடுத்துச்சு, 2011-ல வந்த லாராவெல் வரைக்கும் நாம அந்த வழிலதான் போறோம். ரெயில்ஸ்ல ஒரு டேபிளுக்கு ஒரு கிளாஸ்னு ஆக்டிவ் ரெக்கார்டு இருந்ததால மாடல்னா டேபிள் கிளாஸ்னு எல்லார் மனசுலயும் பதிஞ்சு போச்சு, லாராவெல்லோட டேபிள் கிளாஸான எலோக்வென்ட்டும் அதே வகைதான்.

அதனால என் யோசனை, கோடைத் தொடாம ஒரு நாள் அந்த மண்டபத்துக்குப் போய் மேனேஜர் இதுக்கு முன்னாடி வச்சிருந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க. அவர் மனசுல இருக்கிற மாடல் அதுலதான் இருக்கும்.


ஜாங்கோ_ஜாக்கெட்:

இதுல எங்க ஊர் கூத்தையும் சேத்துக்கங்க. ஜாங்கோல (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) வியூ-ன்னு சொல்றது உங்க கண்ட்ரோலரை, நீங்க வியூ-ன்னு சொல்றது எங்களுக்கு டெம்ப்ளேட். கேட்டா எது காட்டணும்ங்கறது வியூ, எப்படிக் காட்டணும்ங்கறது டெம்ப்ளேட்னு விளக்கம் வச்சிருக்காங்க, எம்டிவின்னு (மாடல், டெம்ப்ளேட், வியூ) பேரு வேற. நான் முதல் இன்டர்வியூல வியூல லாஜிக் எழுதுவேன்னு சொல்லி அந்தம்மா முகம் போன போக்கைப் பாக்கணுமே. வேலை கிடைக்கல.


ஈரோட்டு_இஃப்எல்ஸ்:

அக்கா, நீங்க சொன்ன மாதிரியே இன்னிக்கு சாயந்திரம் மண்டபத்துக்குப் போனேன். மேனேஜர் ஐயா முதல்ல நோட்டைக் காட்டவே யோசிச்சாரு, அந்த டபுள் புக்கிங்குக்கு அப்புறம் அவர் ஆப்பை நம்பாம மறுபடி நோட்டுலயும் எழுதிட்டு வர்றாரு போல, எனக்குத் தெரியாது. நீளவாக்குல பழைய கணக்கு நோட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு மாசம், ஆடியும் மார்கழியும் கிட்டத்தட்ட வெறும் பக்கம். ஒவ்வொரு தேதிக்கும் கோடு போட்டு ரெண்டு கட்டம், காலை, மாலை. கல்யாணம்னா முதல் நாள் மாலைக் கட்டத்துல இருந்து மறுநாள் காலைக் கட்டத்துக்கு ஒரு வளைவு போட்டு மேல பேரு எழுதிருக்காரு. ரிசப்ஷன்னா மாலைக் கட்டத்துல மட்டும் பேரு. காதுகுத்து, சீருன்னா காலைக் கட்டத்துல மட்டும்.

பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் விசேஷ தேதின்னு ஒரு காலம் வச்சு அது மேல இஃப் இஃப்பா அடுக்கிட்டு இருந்தேன், அவர் இருபது வருஷமா கட்டமா போட்டு வச்சிருக்காரு, அந்த நோட்டுல டபுள் புக்கிங் பண்ணவே முடியாது, ஏற்கனவே பேரு எழுதின கட்டத்துல எங்க எழுதுவ? எழுதினாலும் கண்ணுக்குத் தெரிஞ்சிடும்.

இப்ப யோசிக்கிறது, ஆரம்ப நேரம் முடியுற நேரம்னு ரெண்டு காலம் வச்சு ஓவர்லாப் செக் பண்றதா, இல்ல அவர் மாதிரியே கட்டமா வச்சுக்கிறதா?


இண்டெக்ஸ்_இளவரசன்:

கட்டமா வை, யோசிக்காத. போன்ல இருந்து டைப் பண்றேன், கோடு போட முடியல, வாயால சொல்றேன் கேளு.

நேரக் கணக்குன்னா செக் என்னன்னா, பழைய புக்கிங் ஆரம்பம் புதுசோட முடிவுக்கு முன்னாடியும், பழசோட முடிவு புதுசோட ஆரம்பத்துக்குப் பின்னாடியும் இருந்தா இடிக்குதுன்னு அர்த்தம், இந்த ரெண்டே கண்டிஷன் போதும், நாலு அஞ்சு எழுதுறவங்க எல்லாம் ஏதாவது ஒண்ணை விட்டுடுவாங்க. ஆனா இதை பிஎச்பில செக் பண்ணிட்டு அப்புறம் இன்சர்ட் பண்ணினா நடுவுல ஒரு சந்து இருக்கு. கஸ்டமர் ஒருத்தரும் மேனேஜரும் ஒரே செகண்ட்ல பட்டன் தட்டினா ரெண்டு பேருக்கும் காலின்னு பதில் வரும், ரெண்டும் இன்சர்ட் ஆகும். சின்ன மண்டபத்துல எப்ப நடக்கும்னு கேக்காத, தை மாசம் முகூர்த்தத் தேதி திறந்துவிடுறன்னிக்கு நடக்கும். மாடல்ல எவ்ளோ அழகா இஃப் எழுதினாலும் இந்த சந்தை அடைக்க முடியாது. டிரான்சாக்ஷன் (எல்லாம் நடக்கும், இல்ல எதுவுமே நடக்காது) போட்டு அதுக்குள்ள ஹால் ரோவை ஃபார் அப்டேட்னு லாக் பண்ணி அப்புறம் செக் பண்ணணும், லாராவெல்ல லாக்ஃபார்அப்டேட்னு இருக்கு. போஸ்ட்கிரெஸ்னா எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்னு ஒண்ணு இருக்கு, நேர ரேஞ்சு இடிச்சா டேட்டாபேஸே வெளில தள்ளிடும். மைஎஸ்க்யூஎல்ல அது கிடையாது.

கட்டம்னா இந்தத் தலைவலியே இல்ல. கட்டம்னு ஒரு டேபிள், அதுல ஹால் ஐடி, தேதி, வேளை, புக்கிங் ஐடி. முதல் மூணு காலம் மேல யூனிக் இண்டெக்ஸ், அதே மூணும் சேர்ந்து ரெண்டாவது தடவை வர விடாது. கல்யாணம் புக் பண்ணினா ரெண்டு ரோ, 20 மாலை, 21 காலை. ரிசப்ஷன்னா ஒரு ரோ. ரெண்டு பேர் ஒண்ணா தட்டினாலும் ரெண்டாவது ஆளுக்கு டூப்ளிகேட் கீ எரர்தான் வரும், அந்த எரரைப் பிடிச்சு ஹால் காலி இல்லைங்கற எக்செப்ஷனா மாத்திக் குடு. புக்கிங் ரோவையும் கட்டம் ரோவையும் ஒரே டிரான்சாக்ஷன்ல போடு, இல்லன்னா கட்டம் இல்லாத புக்கிங் அனாதையா நிக்கும். கேன்சல் ஆனா கட்டத்தை டிலீட் பண்ணிடு, புக்கிங் ரோ ரத்துன்னு ஸ்டேட்டஸோட இருக்கட்டும். அங்க மட்டும் சாஃப்ட் டிலீட் போடாத, லாராவெல்ல அது டிலீட்டட்அட் காலத்தை நிரப்பிட்டு ரோவை அப்படியே வச்சிருக்கும், யூனிக் இண்டெக்ஸுக்கு அது தெரியாது, கேன்சல் ஆன தேதிக்கு வேற யாரும் புக் பண்ண முடியாம போயிடும். நான் இதுல ஒரு நாள் பூரா மாட்டிருக்கேன்.

வெப் எம்விசி படிச்சவங்க டேட்டாபேஸ் கன்ஸ்ட்ரெயின்டை யாரோ வேற வீட்டுப் பொருள் மாதிரி பாக்குறாங்க. செமிகோலன் அண்ணன் சொன்ன வாசல் கணக்குல ஒண்ணு விட்டுட்டாரு, ராத்திரி பன்னெண்டு மணிக்கு பிஎச்பிமைஅட்மின் திறந்து நேரா ரோ போடுற வாசல். அதுக்கு வாட்ச்மேன் இண்டெக்ஸ் மட்டும்தான்.


பழைய_செமிகோலன்:

அந்த வாசல்ல நானே பல தடவை போயிருக்கேன், அதான் சொல்லல.


நைட்_ஷிஃப்ட்_நந்தி:

தலைப்புக்குப் பக்கத்துல இன்னொண்ணு, தம்பி பிளேடைப் பத்தி சொன்னதால. வியூல நீங்க எழுதாத லாஜிக்கும் ஒளிஞ்சிருக்கும். புக்கிங் லிஸ்ட் பேஜ்ல லூப்புக்குள்ள புக்கிங்கோட கஸ்டமரோட பேருன்னு எழுதுவீங்க, பாக்க வெறும் பேரு மாதிரிதான் இருக்கும், ஆனா ஒவ்வொரு ரோவுக்கும் அது டேட்டாபேஸுக்குப் போற ஒரு க்வெரி. 200 புக்கிங் காட்டினா லிஸ்டுக்கு ஒண்ணு, கஸ்டமருக்கு 200, பேமென்டுக்கு 200, ஆக 401 க்வெரி. லோக்கல்ல நாலு ரோ வச்சு டெஸ்ட் பண்றப்ப தெரியாது. கண்ட்ரோலர்ல லிஸ்டை எடுக்கும்போதே வித் போட்டு கஸ்டமரையும் பேமென்டையும் சேத்து எடுத்துட்டா மூணு க்வெரில முடியும். லாராவெல் 8 நடுவுல இருந்து பிரிவென்ட்லேசிலோடிங்னு ஒண்ணு இருக்கு, டெவலப்மென்ட்ல மட்டும் ஆன் பண்ணி வைங்க, வியூ திருட்டுத்தனமா க்வெரி அடிச்சா எக்செப்ஷன் போட்டு அலறும். புரொடக்ஷன்ல ஆன் பண்ணிட்டு என்னைத் திட்டாதீங்க.

பிளேடுல ரெண்டு ஆச்சரியக்குறி போட்டு அப்படியே பிரிண்ட் பண்ற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க. கஸ்டமர் பேரு கட்டத்துல எவனாவது ஸ்க்ரிப்ட் டேக் எழுதினா மேனேஜர் பிரவுசர்ல ஓடும். ரெட்டை சுருள் அடைப்பு போட்டா எஸ்கேப் பண்ணிதான் வரும்.


மதுரை_மெமரிலீக்:

ஒரு சந்தேகம். எல்லாத்தையும் மாடல்ல போடுன்னா புக்கிங் மாடல் 1,200 வரி ஆகாதா? ஸ்கின்னி கண்ட்ரோலர் ஃபேட் மாடல்னு ரெயில்ஸ் ஆளுங்க 2006 வாக்குல சொன்னதைக் கேட்டு எங்க டீம்ல ஒருத்தர் யூசர் மாடலை 3,000 வரிக்குக் கொண்டு போனாரு, குப்பை இந்த ரூம்ல இருந்து அந்த ரூமுக்குப் போச்சு, அவ்ளோதான்.


பழைய_செமிகோலன்:

நியாயமான கேள்வி. மாடல்னு நான் சொல்றது எலோக்வென்ட் கிளாஸ் ஒண்ணை மட்டும் இல்ல, மேல அக்கா சொன்ன அர்த்தத்துல. இவர் ஆப்புல புக்கிங் ஒரு கிளாஸ், கட்டம் ஒரு கிளாஸ், பாக்கி கணக்குப் போட பில் ஒரு கிளாஸ், அது டேபிளே இல்லாத சாதாரண பிஎச்பி கிளாஸா இருந்தா ஒண்ணும் குத்தமில்ல. புக் பண்றதுங்கறது புக்கிங், கட்டம், பேமென்ட் மூணையும் தொடுற வேலை, அதை ஒரே ஒரு டேபிள் கிளாஸ் தலைல கட்டாம தனியா ஒரு கிளாஸ் போட்டு அதுக்குள்ள டிரான்சாக்ஷனை வச்சுக்கலாம். அதுக்கு சர்வீஸ்னு பேரு வைப்பியோ ஆக்ஷன்னு வைப்பியோ, நான் சண்டைக்கு வரமாட்டேன். நான் பாக்குறது ஒண்ணுதான், அந்த கிளாஸுக்குள்ள ரிக்வெஸ்ட், செஷன், ரீடைரக்ட், இந்த மூணு வார்த்தையும் இருக்கக் கூடாது. கமாண்ட் லைன்ல இருந்து கூப்பிட்டாலும் ஓடணும். டிங்கர் (லாராவெல்லோட கமாண்ட் லைன்) திறந்து ஒரு புக்கிங் போட்டுப் பாரு, பிரவுசர் இல்லாம ஓடுச்சுன்னா சரியா பிரிச்சிருக்கேன்னு அர்த்தம், ஓடலன்னா எங்கயோ வாசல் சமாச்சாரம் உள்ள வந்திருக்கு.

உங்க டீம் யூசர் மாடல் கதை எல்லா டீம்லயும் இருக்கு. யூசர், ஆர்டர் ரெண்டும் எப்பவும் ஊதிப் போகும், ஏன்னா எல்லாருக்கும் அவங்க சொந்தக்காரங்க.


ஈரோட்டு_இஃப்எல்ஸ்:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க, ராத்திரிலதான் உக்கார முடிஞ்சுது.

கட்டம் டேபிள் போட்டாச்சு, யூனிக் இண்டெக்ஸ் போட்டாச்சு. புக் பண்றதுக்குத் தனி கிளாஸ், 90 வரி. கஸ்டமர் கண்ட்ரோலர், மேனேஜர் கண்ட்ரோலர் ரெண்டும் அதையே கூப்பிடுது. பழைய 1,200 வரி கண்ட்ரோலர் இப்ப 210, அதுலயும் பாதி ரிப்போர்ட் பேஜுங்க, அதை இன்னும் தொடல. பில் கிளாஸ்ல பைசாவை இன்டிஜரா வச்சுக்கிட்டு கடைசில ஒரு தடவை மட்டும் ரவுண்ட் பண்றேன், ஸ்க்ரீன்லயும் பிடிஎஃப்லயும் ஒரே தொகை வருது. டிங்கர்ல முதல் தடவை ஓடல, உள்ள ஆத் யூசர் ஐடி (லாகின் பண்ணின ஆளோட ஐடி) எடுத்துட்டு இருந்தேன், செமிகோலன் அண்ணா சொன்ன வாசல் சமாச்சாரம் அதுதான், யார் புக் பண்றாங்கன்னு வெளில இருந்து பாஸ் பண்ற மாதிரி மாத்தினேன்.

நடுவுல ஓனர் புதுசா ஒண்ணு கேட்டாரு, வெள்ளிக்கிழமை காலைல கீழ் ஹாலை அவங்க குடும்பத்துக்குன்னு பிடிச்சு வைக்கணும், வேணாம்னா கடைசி மாசத்துல விடுவாராம். பழைய கோடா இருந்தா எத்தனை எடத்துல இஃப் போட்டிருப்பேனோ, இப்ப ஓனர் பேர்ல புக்கிங் போட்டு அந்தக் கட்டங்களை முன்கூட்டியே நிரப்பிட்டேன், ஒரு இஃப் கூட எழுதல.

மேனேஜர் ஐயா நோட்டை எக்செல்ல அடிச்சு, அடுத்த எட்டு மாச புக்கிங்கை அதே கிளாஸ் வழியா ஏத்தினேன். மூணு ரோ மட்டும் ஹால் காலி இல்லைன்னு திரும்பி வந்துச்சு. நான் கோடுலதான் தப்புன்னு நினைச்சு ரெண்டு மணி நேரம் தேடினேன். அப்புறம் நோட்டு போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தா, அதுல ரெண்டு பென்சில்ல எழுதி அடிச்சது, அடிச்சதைக் கவனிக்காம எக்செல்ல ஏத்திட்டேன். மூணாவது அடிக்கல. மாசி மாசம் ஒரு மாலைக் கட்டம், உள்ள ஒரு பேரு, கட்டத்துக்கு வெளில ஓரமா பொடி எழுத்துல இன்னொரு பேரு, ரெண்டுக்கும் போன் நம்பர் இருக்கு. நாளைக்குக் காலைல நோட்டோட போய் ஐயாவைக் கேக்கணும்.